நிசான் 14: எருசலேமில் ஒரு வாரம்

29 மார்ச் 2015, குருத்தோலை ஞாயிறு

பெத்பகு ஆலயத்திலிருந்து பிற்பகலில் புறப்பட்ட ஊர்வலம் ஒலிவ மலைச் சரிவில் இறங்கி, கிதரோன் பள்ளத்தாக்கைக் கடந்து, சிங்க வாசல் வழியாகப் பழைய நகருக்குள் நுழைந்து, புனித அன்னாள் ஆலய முற்றத்தில் வந்து முடிந்தது. எனக்கு முன்னே நடந்தவர்கள் அரபியில் பாடினார்கள். பின்னே வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் மொழியில் பாடினார்கள். எந்த மொழியில் பாடினாலும் "ஓசன்னா" என்ற சொல் மட்டும் மாறவில்லை. சிறுவயதில் தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்துக்கொண்டு அந்தச் சொல்லைப் பாடியபோது, அதைப் 'புகழ்' என்பதுபோல ஏதோ ஒன்றாகவே நினைத்திருந்தேன். "மீட்டருளும்" என்று மன்றாடும் எபிரேயச் சொல் அது. 118-ஆம் திருப்பாடலின் 25-ஆம் வசனத்தில் இருக்கிறது.

அந்தத் திருப்பாடலுக்காகத்தான் இந்தப் பயணம் என்றுகூடச் சொல்வேன். 113 முதல் 118 வரையிலான ஆறு திருப்பாடல்களை யூதர்கள் 'ஹல்லேல்' என்று ஒரே தொகுப்பாகப் பாடுகிறார்கள். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா விழாவுக்கான ஆட்டுக்குட்டிகள் பலியிடப்படும் வேளையில், ஆலயப் பணியாளரான லேவியர் இவற்றைப் பாடினார்கள் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. இன்றும் பாஸ்கா இரவில் வீடுதோறும் பாடுகிறார்கள். கிறிஸ்தவர்களோ குருத்தோலை ஞாயிறு தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை இதே 118-ஆம் திருப்பாடலைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

யூத நாள்காட்டியில் பாஸ்கா ஆடு பலியிடப்பட வேண்டிய நாள் நிசான் மாதம் 14. இந்த ஆண்டு அது சரியாகப் புனித வெள்ளியன்று, ஏப்ரல் 3-ஆம் தேதி விழுகிறது. ஒரே ஊரில், ஒரே வாரத்தில், இரண்டு விழாக்களையும் அருகருகே காண வாய்ப்பது எல்லா ஆண்டும் நடப்பதன்று.

31 மார்ச், செவ்வாய்

மேயா ஷெயாரிம் பகுதியின் தெருமுனைகளில் பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. பெண்களும் சிறுவர்களும் வலைப்பைகளில் கரண்டிகளையும் பாத்திரங்களையும் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார்கள். அவற்றைக் கொதிநீரில் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலசித் திருப்பித் தருகிறார்கள். ஆண்டு முழுவதும் பாத்திரத்தில் ஊறிய புளித்த மாவின் சுவடு இப்படித்தான் நீக்கப்படுகிறது.

அருகில் ஒரு மட்சா அடுப்பின் வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். மட்சா என்பதுதான் நம் வேதாகமம் சொல்லும் புளிப்பற்ற அப்பம். கோதுமை மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடங்களுக்குள் அது வெந்து வெளியே வந்துவிட வேண்டும். தாமதித்தால் மாவு புளிக்கத் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நீண்ட மேசையின் இருபுறமும் நின்றவர்கள் நம் சப்பாத்திக் கட்டையைவிட மெல்லிய கட்டைகளால் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். முள் சக்கரம் ஒன்று மாவெங்கும் துளையிட்டுப் போனது. நீண்ட கழியில் தொங்கவிட்டு அடுப்புக்குள் விரித்த வட்டம், நான் மூச்சை நாலைந்து முறை விடுவதற்குள் கருப்புப் புள்ளிகளோடு வெளியே வந்தது. ஒரு சுற்று முடிந்ததும் மேசை விரிப்பை மாற்றிவிட்டுக் கட்டைகளையும் மாற்றினார்கள். பிறகுதான் அடுத்த தண்ணீர், அடுத்த மாவு. எகிப்தை விட்டுப் புறப்பட்ட மக்களுக்கு மாவு புளிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை என்று விடுதலைப் பயணம் நூல் சொல்லும் அவசரத்தை, அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களின் கைகளில் கண்டேன்.

நாங்கள் திருப்பலியில் வாங்கும் ஓஸ்தியும் புளிப்பற்றதுதான். ரோமைத் திருச்சபை பாஸ்கா அப்பத்தின் வழியில் புளிக்காத மாவைப் பயன்படுத்துகிறது. கிரேக்கத் திருச்சபையோ உயிர்த்த ஆண்டவரின் உயிருள்ள அப்பம் என்று புளித்த அப்பத்தையே படைக்கிறது. 1054-இல் இரு திருச்சபைகளும் பிரிந்தபோது அவர்கள் சண்டையிட்ட பொருள்களில் இந்தப் புளிப்பும் ஒன்று. பாஸ்கா அப்பத்தின் ஞாபகம் கிறிஸ்தவர்களுக்குள் அத்தனை ஆழமாக வேரோடியிருந்தது.

1 ஏப்ரல், புதன்

"ஈசோப்பினால் என்னைக் கழுவியருளும்" என்று 51-ஆம் திருப்பாடலை எத்தனை தவக்காலங்களில் சொல்லியிருக்கிறேன்! ஈசோப்பு என்றால் என்ன என்று யாரும் காட்டியதில்லை. இன்று தமஸ்கு வாசலின் படிக்கட்டில் தழைக் கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் அது கிடைத்தது. அரபியில் சாத்தார் என்கிறார்கள். எபிரேய வேதாகமம் 'ஏசோவ்' என்று சொல்லும் செடி இதுதான் என்பது பரவலான கருத்து. சாம்பல் பூத்த பச்சையில் சிறு இலைகள், இலையின் மேல் மெல்லிய சுணை. கசக்கி முகர்ந்தால் ஓமவல்லிக்குப் பக்கத்து உறவு என்று மூக்கு சொல்லிவிடும். அந்தச் சுணைதான் காரியம். ஒரு கொத்தைத் தண்ணீரில் நனைத்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, உதறினால் தெளிக்கிறது.

எகிப்தில் சாவு தங்கள் வீடுகளைத் தாண்டிப் போகும்படி ஆட்டின் இரத்தத்தை வாசல் நிலைகளில் பூச இந்தக் கொத்தைத்தான் பயன்படுத்தச் சொன்னார் மோசே. சிலுவையில் தொங்கியவருக்குப் புளித்த திராட்சை இரசத்தில் தோய்த்த கடற்பஞ்சை நீட்டியபோது, அதை ஈசோப்புத் தண்டில் பொருத்தினார்கள் என்று யோவான் எழுதுகிறார். மாற்குவும் மத்தேயுவும் வெறும் கோல் என்கிறார்கள். இந்த இளந்தண்டு ஒரு கடற்பஞ்சைத் தாங்குமா என்று அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். கையில் வைத்துப் பார்த்த எனக்கும் அந்த ஐயம் வந்தது. ஆனால் யோவானின் நோக்கம் வேறு. வாசலில் பூசிய இரத்தம் கேட்பவரின் நினைவுக்கு வரவேண்டும் என்றுதான் அவர் ஈசோப்பைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

2 ஏப்ரல், பெரிய வியாழன்

சீயோன் மலையில் இறுதி இராவுணவின் மேலறை என்று காட்டப்படும் கூடத்துக்குப் போனேன். இப்போதுள்ள கட்டடம் சிலுவைப் போர்க்காலத்தைச் சேர்ந்தது. கூர்வளைவுக் கூரை, தென்சுவரில் துருக்கியர் அமைத்த தொழுகை மாடம், கீழ்த்தளத்தில் தாவீதின் கல்லறை என்று யூதர்கள் வணங்கும் இடம். மூன்று சமயங்களும் உரிமை கோரும் இந்த அறையில் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு மிகக் குறைந்த வாய்ப்பே உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 மே மாதம் இங்கே திருப்பலி நிறைவேற்றினார். பெரிய வியாழன் பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் வந்து, பாதம் கழுவும் சடங்கைச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த இராவுணவு பாஸ்கா விருந்துதானா? மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். யோவானின் கணக்குப்படி அது பாஸ்காவுக்கு முந்திய இரவு. மறுநாள் ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் பலியிடப்படும் அதே நாளில் இயேசு சிலுவையில் இறக்கிறார். அவருடைய கால்களைப் படைவீரர் முறிக்கவில்லை என்று எழுதிவிட்டு, "எந்த எலும்பும் முறிபடாது" என்ற மறைநூல் வாக்கை யோவான் நினைவூட்டுகிறார். பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்ற விடுதலைப் பயணக் கட்டளையின் எதிரொலி அது. இரண்டு கணக்குகளையும் ஒன்றாக்க எத்தனையோ பேர் முயன்றுவிட்டார்கள். எனக்கு அவை ஒன்றாக வேண்டும் என்ற ஆசை இல்லை. பாஸ்காவை விட்டு விலகி இந்தச் சாவைப் புரிந்துகொள்ளவே முடியாது என்பதில் நால்வரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

இரவில், நாளைய விருந்துக்கு என்னை அழைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டுக்கு, நக்லாவோத் பகுதிக்குப் போனேன். அவர் பெற்றோர் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள். புளித்த மாவைத் தேடும் சடங்கு இன்றிரவுதான். துடைத்துக் கழுவிய வீட்டில் பத்து ரொட்டித் துண்டுகளைத் தாளில் மடித்து ஒளித்து வைக்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவத்தி ஒளியில், ஒரு பறவை இறகால் அவற்றை மரக்கரண்டியில் கூட்டி எடுக்கிறார்கள். எட்டு வயதுப் பேரன் கட்டிலுக்கடியில் ஊர்ந்துபோய் எட்டாவது துண்டைக் கண்டுபிடித்தபோது தாத்தாவின் முகம் மலர்ந்தது. ஒன்பதாவது புத்தக அலமாரியில் இருந்தது. பத்தாவதை வைத்த இடம் வைத்தவருக்கே மறந்துபோய், நெடுநேரம் தேடினோம்.

பழைய புளிப்பு மாவை அகற்றுங்கள், நம் பாஸ்கா ஆடாகிய கிறிஸ்து பலியிடப்பட்டுவிட்டார் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது கி.பி. 50-களின் நடுவில். இந்த மெழுகுவத்தியையும் இறகையும் அவர் அறிந்திருப்பாரா என்பது வேறு. ஆனால் புளித்த மாவை வெளியேற்றும் வீட்டில் வளர்ந்த ஒருவர் பேசும் பேச்சு அது. விளக்கம் ஏதும் சொல்லாமல் அவர் எழுதிச் செல்வதைப் பார்த்தால், கேட்ட கொரிந்தியருக்கும் அந்த வழக்கம் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

3 ஏப்ரல், புனித வெள்ளி, நிசான் 14
(மறுநாள் இரவில் எழுதியது. யூத வீட்டில் ஓய்வுநாளும் திருநாளும் சேர்ந்து வந்ததால், அங்கே படம் எடுக்கவும் குறிப்பெழுதவும் இயலவில்லை.)

காலையில் தெருவெங்கும் புகை. நேற்றிரவு கண்டெடுத்த ரொட்டித் துண்டுகளைத் தகர டப்பாக்களில் எரிக்கிறார்கள். முற்பகலுக்குள் எரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் புகை வாசனை சட்டையில் ஒட்டியிருக்க, இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியை நினைவுகூரும் சிலுவைப் பாதைக்கு ஓடினேன். 14 தலங்களில் 9 தலங்கள் சந்துகளிலும், மீதி 5 திருக்கல்லறை ஆலயத்துக்குள்ளும் இருக்கின்றன. கூட்டத்தின் நெரிசலில் ஏழாவது தலத்துக்கு மேல் நகர முடியவில்லை. ஒரு மசாலாக் கடையின் திண்ணையில் ஒதுங்கி நின்றுதான் மீதித் தலங்களைச் செபித்தேன்.

இந்த நாளைப் பற்றி எழுதும் கிறிஸ்தவர் ஒன்றை மறைக்கக் கூடாது. பல நூற்றாண்டுகளாக யூதர்கள் அஞ்சி நடுங்கிய நாள் புனித வெள்ளி. கிறிஸ்தவச் சிறுவரின் இரத்தத்தை மட்சாவில் கலக்கிறார்கள் என்ற கொடும்பொய், இந்த வசந்த வாரத்தில்தான் ஐரோப்பாவில் திரும்பத் திரும்பக் கிளப்பப்பட்டது. 1903-இல் கிஷினேவ் நகரில் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய வெறியாட்டத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பாஸ்கா விருந்துக்குச் சிவப்புத் திராட்சை இரசமே சிறப்பு. ஆனால் இந்தப் பழிக்கு அஞ்சிய நாடுகளில் சிவப்பைத் தவிர்த்தார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டுப் போலந்தின் யூத மறை அறிஞர் (ரபி) தாவீது செகால் பதிவு செய்திருக்கிறார். தங்கள் மேசையில் எந்த நிறத்தில் இரசம் வைப்பது என்பதையே அண்டை வீட்டாரின் வெறுப்பு தீர்மானித்த காலம் அது. புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்த இழிசொல்லைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இல் நீக்கினார். இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் அனைவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

பொழுது சாயுமுன் ஆசிரியர் வீட்டில் இருந்தேன். வெள்ளை விரிப்பிட்ட மேசையில் மூன்று மட்சாக்கள், கசப்புக் கீரை, உப்புத் தண்ணீர், வறுத்த எலும்பு, முட்டை, பேரீச்சையும் கொட்டைகளும் அரைத்த கரிசல்மண் நிறத் துவையல். அடிமைகளாய் இருந்தவர்கள் பிசைந்த சேற்றுக்கு அடையாளம் அது. எல்லாவற்றையும் தாங்கிய தட்டை வீட்டு அம்மா தூக்கி, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மூன்று முறை சுற்றினார். எகிப்திலிருந்து விரைந்து புறப்பட்டோம் என்று எல்லாரும் பாடினார்கள். மொராக்கோ யூதரின் வழக்கமாம். என் தலைக்கு மேலும் தட்டு சுற்றியபோது, திருஷ்டி கழித்த என் பாட்டியின் கை நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

பிறகு பேரன் எழுந்து நின்று கேட்டான்: "மா நிஷ்தனா ஹலைலா ஹசே?" இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எதனால் வேறுபட்டது? விருந்து முழுவதும் அதற்குத்தான் விடை.

இதுதான் இயேசு உண்ட விருந்து என்று சொல்லிவிட மனம் துடிக்கும். சொல்லக் கூடாது. கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை எரிக்கும் வரை பாஸ்காவின் நடுவில் இருந்தது ஆட்டுப் பலி. ஆலயம் போனபின், பலியில்லாமல் இந்த இரவை எப்படிக் காப்பது என்று ரபிகள் வகுத்த வடிவமே கேள்வியும் விடையும் நான்கு கிண்ணத் திராட்சை இரசமுமாக நான் கண்டது. அதன் மிகப் பழைய வரைவு ஏறத்தாழ 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இருக்கிறது. அதே தலைமுறைகளில்தான் கிறிஸ்தவர்களும் தங்கள் பாஸ்காவை வகுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே யூத விழா தாய், கிறிஸ்தவ விழா மகள் என்று நாம் வழக்கமாகச் சொல்வது முழு உண்மையாகாது. ஆலயத்துப் பாஸ்கா என்ற ஒரு தாய்க்குப் பிறந்து, அவள் மறைந்தபின் தனித்தனியே வளர்ந்த அக்காள் தங்கைகள் இவை. ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, "மூத்தவள் யாரென்று மட்டும் கேட்காதீர்கள்" என்றார்.

விருந்தின் முடிவில் ஹல்லேல். கட்டுவோர் புறக்கணித்த கல்லைப் பற்றிய அந்த 118-ஆம் திருப்பாடலை மொராக்கோ மெட்டில் கேட்டேன். நள்ளிரவு கடந்து, நிறைநிலவில், வண்டிகள் ஓடாத சாலையில் பழைய நகருக்கு நடந்தேன். புகழ்ப்பா பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் புறப்பட்டார்கள் என்று மாற்கு எழுதிய இரவிலும் நிலவு ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும். பாஸ்கா என்றைக்கும் முழுநிலவு விழா.

4 ஏப்ரல், புனித சனி

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு, திருக்கல்லறை ஆலயத்தில் காலை ஏழரை மணிக்கு! பல திருச்சபைகள் நேரம் பங்கிட்டுக்கொள்ளும் ஆலயம் என்பதால், பழைய உடன்பாட்டின்படி லத்தீன் வழிபாட்டினர் உலகில் எல்லாரினும் முன்னதாக, பகலிலேயே திருவிழிப்பைக் கொண்டாடுகிறார்கள். புதிய நெருப்பிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றியபின் திருத்தொண்டர் பாஸ்காப் புகழுரையைப் பாடினார். எங்கள் முன்னோராகிய இஸ்ரயேல் மக்களை எகிப்திலிருந்து வெளியேற்றிச் செங்கடலைக் கால் நனையாமல் கடக்கச் செய்த இரவு இதுவே என்று லத்தீனில் அவர் பாட, "இந்த இரவு" என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்தது. சில மணி நேரத்துக்கு முன் எட்டு வயதுச் சிறுவன் கேட்ட அதே "இந்த இரவு". முன்னோர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டும் கேளாமலே இருந்திருக்கிறேன்.

செங்கடலைக் கடந்ததைச் சொல்லும் விடுதலைப் பயணம் 14-ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். திருவிழிப்பில் வேறு வாசகங்களைக் குறைத்தாலும் இதை விடக் கூடாது என்பது விதி. பிறகு, தவக்காலம் முழுவதும் மௌனமாயிருந்த அல்லேலூயா திரும்பி வந்தபோது, அதோடு வந்தது 118-ஆம் திருப்பாடல்.

5 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

இன்று அதே ஆலயத்தில் ஒரு பக்கம் லத்தீன் உயிர்ப்புத் திருப்பலி. மறுபக்கம் கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் குருத்தோலை பிடித்து வந்தார்கள். ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் அவர்களுக்கு உயிர்ப்பு ஞாயிறு 12-ஆம் தேதிதான்.

இந்தத் தேதித் தகராறு பழையது. 2-ஆம் நூற்றாண்டில் ஆசியா மைனர் கிறிஸ்தவர்கள், எந்தக் கிழமையானாலும் நிசான் 14-லேயே பாஸ்கா கொண்டாடினார்கள். யோவானிடம் கற்ற வழக்கம் என்றார்கள். ரோமையர் ஞாயிறுதான் என்றார்கள். ஸ்மிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப்பு ரோமைக்கே சென்று அங்குள்ள ஆயரிடம் பேசியும் உடன்பாடு வரவில்லை. ஆனால் இருவரும் ஒன்றாகத் திருப்பலி நிறைவேற்றிச் சமாதானமாகப் பிரிந்தார்கள். அந்தப் பெருந்தன்மை நிலைக்கவில்லை. 325-இல் நிசேயா சங்கத்துக்குப் பின் பேரரசர் கான்ஸ்டன்டைன் விடுத்த மடல், யூதரின் கணக்கைப் பின்பற்றுவதே இழிவு என்று கடுமையாகப் பேசியது. இத்தனை சொல்லியும் விலக முடிந்ததா? வசந்த காலத்து முழுநிலவுக்குப் பின்வரும் ஞாயிறு என்ற விதியில் நிசான் நிலவு அப்படியே இருக்கிறது. சந்திர மாதத்தைச் சூரிய ஆண்டோடு பொருத்த யூதர் கையாளும் 19 ஆண்டுச் சுழற்சியைத்தான் திருச்சபையும் கையாள்கிறது. மிகுமாதத்தை நுழைக்கும் ஆண்டுகளில்தான் வேறுபாடு. அதனால் அடுத்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 27-இலும் பாஸ்கா இரவு ஏப்ரல் 22-இலும் வரப்போகின்றன.

அரபியில் இரண்டு விழாக்களுக்கும் ஒரே பெயர், ஈத் அல்ஃபிஸ்ஹ். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ரஷ்ய மொழிகளிலும் பாஸ்கா என்பதன் உருவங்களே வழங்குகின்றன. எங்கள் சிவகங்கைப் பக்கம் இயேசுவின் பாடுகளின் நாடகத்துக்கே பாஸ்கா என்று பெயர். இடைக்காட்டூரில் விடிய விடிய உட்கார்ந்து அதைப் பார்த்த நாள்களில், ஓர் எபிரேயச் சொல்லை உச்சரிக்கிறோம் என்று அறியேன். ஈஸ்டர் என்ற ஆங்கிலப் பெயர் இந்த உறவை மறைத்துவிடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்ற பெயரை விட்டுவிடக் கூடாது என்று வேண்டிக் கேட்பேன்.

மாலையில் விடைபெற ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். இருட்டியதும் அவர் எழுந்து ஒரு சிறு வேண்டலைச் சொல்லி, "இன்று ஓமெரின் இரண்டாம் நாள்" என்றார். ஓமெர் என்பது ஆலயத்தில் படைத்த முதல் வாற்கோதுமைக் கதிர்க்கட்டின் அளவு. நிசான் 16-இல் அதைப் படைத்து, அங்கிருந்து ஏழு வாரங்களை நாள்தோறும் எண்ணி, 50-ஆம் நாளில் வாரங்களின் விழாவைக் கொண்டாடுவார்கள். நிசான் 16 இன்றைய பகல்தான். முதல் கதிர் படைக்கும் நாள். கிறிஸ்து முதற்கனியாய் உயிர்த்தார் என்று பவுல் எழுதியதன் பொருள் எனக்கு அந்த அறையில் விளங்கியது. பெந்தகோஸ்து விழா வரையிலான எங்கள் 50 நாள் கணக்கும் இன்றுதான் தொடங்குகிறது என்று சொன்னேன்.

அவர் சுவர் நாள்காட்டியை எடுத்து, விரலால் வாரங்களைத் தொட்டுக்கொண்டே போனார். வாரங்களின் விழாவும் எங்கள் பெந்தகோஸ்துவும் மே 24, ஞாயிற்றுக்கிழமை. பேரனிடம் பென்சிலை வாங்கி அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு என் கைப்பையிலிருந்த குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, அதிலும் அதே தேதியை எழுதிக் கொடுத்தார்.